செவ்வாய், வெள்ளி

விளம்பரம் எதுவும் கொடுக்கவில்லை.
கோபாலபுரம் செக்போஸ்ட் டீக்கடையில்
லாரி புக்கிங் தேவசகாயம்தான் சொன்னான்:
கொச்சியில் கப்பல் ஏஜென்சியில்
இருபத்திரண்டு வருஷம் இருந்த ஆள்,
புதுநகரத்துக்கே திரும்பிவிட்டார்களாம்,
வீட்டுக்காரருக்குக் கிட்னி.

ரம்லத்.
உட்காருவதற்கு முன்னாலேயே சொன்னாள்:
"திங்கள், புதன், சனி டயாலிசிஸ்.
வியாழக்கிழமை கொழிஞ்சாம்பாறையில ஒரு மரக்கடை.
மிச்சம் செவ்வாயும் வெள்ளியும்.
மூணு நாப்பது பஸ்ஸுக்குக் கிளம்பிருவேன்.
ஒரு நாளைக்கு மூவாயிரம்."

மூவாயிரம்.
களத்தில் நார்த்தூள் கிளறும் ஆறு பேர்
வெயிலோடு வீட்டுக்குக் கொண்டுபோகிற காசு.

"செவ்வா வெள்ளியில நாங்க
கல்லாவுலிருந்து காசு எடுக்கறதில்லைங்க" என்றேன்.
அப்படியாவது போய்விடுவாள் என்று.
"நான் வர்றதே அந்த ரெண்டு நாள்தானே?"
சிரித்தாள்.
புதன்கிழமை பேங்கில் ஏறும் என்று முடிவானது.

மேஸ்திரி திருமூர்த்திக்குப் பொறுக்கவில்லை.
"ரெண்டு நாளைக்கு வர்றவிங்களுக்கு
எதுக்குங்க தனியா ஒரு சேரு?"

ஒரு மாசம் அவள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.
ஐந்து கிலோ கட்டி அடைக்கும் அட்டைப்பெட்டிகளில்
நான் அள்ளிப் போட்டிருந்த பில்களைத்
தரையில் பரப்பி
மிஷின் அதிர்கிற அதிர்ச்சியில் பறக்காமலிருக்க
ஒவ்வொரு அடுக்கின் மேலும்
ஒரு தேங்காய் மட்டையை வைத்தாள்.
மூன்று நாப்பதுக்கு எழுந்து
முந்தானைத் தூசியைத் தட்டினாள்.
பாதியில் கிடக்கும் காகிதம் பாதியில் கிடக்கும்.
வெள்ளிவரை யாரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.

வயிறு எரிந்தது எனக்கு.

ஆடி மாதத்து வெள்ளி ஒன்றில் கூப்பிட்டாள்.
"அட்டைப்பெட்டி, பாலித்தீன், கட்டுற பட்டை
எல்லாத்துக்கும் வரி கட்டியிருக்கீங்க.
சரக்கு கப்பல் ஏறிட்டா அது திரும்பி வரும்.
நீங்க கேக்கவே இல்லை.
நாலு லட்சத்துப் பதினேழாயிரம்.
கப்பல் போன தேதிக்கு ரெண்டு வருஷம் கெடு.
இன்னும் பதினோரு நாள் இருக்கு.
அதுல என் நாள் மூணு."

நான் கெஞ்சினேன். ஞாயிறு வரச் சொன்னேன்.
இரட்டைக் கூலி என்றேன், கார் அனுப்புகிறேன் என்றேன்.
"மூணு போதும்" என்றாள்,
கைப்பையை மூடியபடி.

நடுவில் வந்த நாட்களில்
நானே பெட்டிகளின் முன் குந்தினேன்.
அவள் எழுதிவைத்த சீட்டில் ஒன்று, இரண்டு என்று
கேட்டிருந்ததை மட்டும் தேடினேன்.
கேள்வி தெரிந்தால் காகிதம் தானாகக் கையில் வருகிறது.
இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்தது
கேள்விதான்.

கடைசிச் செவ்வாய். மூன்று மணி.
எல்லாம் ஏற்றியாகிவிட்டது, ஓடிபி கேட்கிறது.
அது போய் விழுந்த நம்பர் என் தம்பியுடையது.
தோப்பைப் பிரித்ததிலிருந்து அவனோடு பேச்சில்லை.
பழைய பார்ட்னர், பேரை மாற்றவே இல்லை.
ரம்லத் ஒன்றும் சொல்லவில்லை,
போனை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லு."
சொன்னான்.
"என்னக்கா அது?"
"அப்புறம் சொல்றேன்."

மூன்று பதினெட்டு.
திரையில் ரசீது வந்தது.

கல்லாவைத் திறந்தேன், என்ன நாள் என்றே நினைக்காமல்.
திருமூர்த்தி இருமினான்.
நீட்டிய நோட்டுகளைப் பார்த்து
"நாளைக்கு பேங்க்ல போடுங்க, எப்பவும்போல" என்றாள்.
பிறகு பையைக் குடைந்து
"பஸ்ஸுக்குச் சில்லறை இருந்தா மட்டும் கொடுங்க."

இருபத்தி மூன்று ரூபாய்.
வவுச்சர் புத்தகத்தை இழுத்து
'பயணப்படி' என்று எழுதி
என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான்
கேட்டுக்கு ஓடினாள்.